நீராவி என்ஜின் முன்னால், டீசல் பின்னால்: ரிபிள்ஹெட்டில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கேள்வி

பரணி, லீட்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஜோலார்பேட்டை. அதனால் ரயில் பைத்தியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது லீட்ஸில் வேலை. செட்டில்–கார்லைல் பாதை இவ்வளவு பக்கத்தில் அமைந்தது பெரிய கொடுப்பினை. காலையில் சாதாரண பயணிகள் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரிபிள்ஹெட்டில் இறங்கிவிடலாம்.

போன சனிக்கிழமை சுற்றுலா நீராவி ரயில் ஒன்று வடக்கே போகிறது என்று தெரிந்து கேமராவோடு போனேன். 24 வளைவுள்ள பாலம், அதற்குப் பின்னால் வெர்ன்சைட் மலை, கீழே சதுப்பு நிலத்தில் மேய்கிற ஆடுகள். ட்ரைபாட்காரர்கள் எனக்கு முன்னாலேயே வரிசை கட்டி நின்றார்கள். தூரத்தில் விசில் கேட்டதும் பேச்சு நின்றது. அரக்கு நிற என்ஜின், அதே நிறத்தில் பெட்டிகள். பார்க்க நல்ல களையாகத்தான் இருந்தது. ஆனால் புகைபோக்கியிலிருந்து வந்தது பீடிப் புகை அளவுதான். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டீசல் என்ஜின் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு படம்கூட எடுக்காமல் பையை மூடிவிட்டார்.

என் சந்தேகம் இதுதான். நீராவி ரயில் என்று சொல்லித்தானே டிக்கெட் விற்கிறார்கள், அப்புறம் டீசல் எதற்கு? அது சும்மா வருகிறதா, தள்ளுகிறதா? வெளியே நிற்கிற நமக்கு அது எப்படித் தெரியும்? டீசல் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்? மென்பொருளில் டீசலை அழித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது சரியா என்றும் சொல்லுங்கள்.


சேகர், லான்காஸ்டர்

பரணி, அந்தப் பெரியவரைப் போல நிறையப் பேர் இங்கே உண்டு. டீசலைக் கண்டால் பையை மூடுகிற கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் டீசல் எதற்கு என்பது. பிரிட்டனில் அன்றாட நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்ட் மாதத்தோடு முடிந்தது. கடைசிச் சிறப்பு ரயில் ஆகஸ்ட் 11 அன்று நீங்கள் நின்ற இதே பாதையில்தான் போனது. அதோடு நீராவிக்கு வேண்டிய ஏற்பாடுகளும் போய்விட்டன. தண்டவாளத்துக்கு நடுவே நீண்ட தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே என்ஜின் அதிலிருந்து தண்ணீரை அள்ளிக்கொள்ளும். அவை இப்போது கிடையாது. ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜினின் டெண்டரில், அதாவது பின்னால் மாட்டிய கரி, தண்ணீர் வண்டியில், 5,000 காலன் பிடிக்கும். நல்ல பாரத்தோடு ஓடினால் சுமார் 100 மைலுக்கு வரும், அவ்வளவுதான். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்கிற புகழ்பெற்ற நீராவி என்ஜினை 1963இல் வாங்கிய ஆலன் பெக்லர், தண்ணீர்த் தொட்டிகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து, தண்ணீருக்கென்றே இரண்டாவது டெண்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். டீசல் கொஞ்சம் தோள் கொடுத்தால் தண்ணீரும் கரியும் அந்த அளவுக்கு மிச்சம்.

அடுத்தது மின்சாரம். பெட்டிகளில் சூடேற்ற, விளக்கெரிய, சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்க மின்சாரம் வேண்டும். நீராவி என்ஜினால் அதைக் கொடுக்க முடியாது. அப்புறம் திருப்புகிற பிரச்சினை: போய்ச் சேரும் ஊரில் என்ஜினைத் திருப்புகிற டர்ன்டேபிள் இல்லையென்றால் டீசல்தான் ரயிலைத் திரும்ப இழுத்து வரும். நடுவழியில் நீராவி என்ஜின் படுத்துவிட்டால் பின்னால் வரும் சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் மணிக்கணக்கில் நிற்கும். வழியைச் சீக்கிரம் விடுவிக்க ஆள் கூடவே வருகிறது என்றால் பாதைக்காரர்களுக்கு நிம்மதி.

கோடையில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும். என்ஜின் ஏற்றத்தில் முக்கி இழுக்கும்போதுதான் பொறி அதிகம் பறக்கும். 2018, 2022 கோடைகளில் மழையே இல்லாமல் எல்லாம் காய்ந்து கிடந்தபோது பல நீராவி ஓட்டங்கள் வெறும் டீசலோடு போயின, அல்லது டீசல் துணையோடு போயின. ஏற்றத்தில் டீசல் தள்ள, நீராவி என்ஜின் ரெகுலேட்டரை, அதாவது ஆவியைத் திறந்துவிடும் கைப்பிடியை, குறைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடும். வெயில் அடித்த வாரத்தில் போயிருந்தீர்கள் என்றால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். பின்னால் டீசல் இருக்கிறது என்பதாலேயே முன்னால் இருப்பது வேலை செய்யவில்லை என்று ஆகாது. சும்மா வருகிற டீசல் ஒரு பாரம். இங்கே துணைக்கு வருகிற கிளாஸ் 47 என்ற வகை டீசல் என்ஜினின் எடை ஏறக்குறைய 115 டன். பழைய மார்க் 1 பெட்டி சுமார் 35 டன். அப்படியென்றால் தள்ளாத டீசல் என்பது கூடுதலாக மூன்று பெட்டிகளை மாட்டிவிட்டது மாதிரி. செட்டிலிலிருந்து ப்ளீ மூர் வரைக்கும் சுமார் 15 மைல், பெரும்பகுதி நூற்றுக்கு ஒன்று, அதாவது நூறு அடிக்கு ஒரு அடி என்ற ஏற்றம். அதில் பத்துப் பெட்டியோடு இந்தப் பாரத்தையும் நீராவி என்ஜின் தனியாக இழுத்து வந்தால் நீங்கள் கேட்கிற சத்தமே வேறு. பையை மூடுகிற பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும்.

தள்ளுகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டீசல் உறுமுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும்போது கிளாஸ் 47 நின்ற இடத்திலேயே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், சத்தமும் அதிகம். நீராவி என்ஜினின் புகைபோக்கியிலிருந்து 'சக் சக்' என்று வரும் அடியைக் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கூர்மையாக வெடித்தால் அது உழைக்கிறது. ஏற்றத்தில் நல்ல வேகத்தில் வந்தும் அடி மெத்தென்று கேட்டால் பின்னால் யாரோ தள்ளுகிறார்கள். இன்னொரு அடையாளம் டீசல் கூரைக்கு மேலே. காற்று கானல் போல நெளிந்து, கூடவே சாம்பல் நிறத்தில் புகை எழும்பினால் அது சும்மா வரவில்லை.

இடம் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ரிபிள்ஹெட் பாலம் படத்துக்கு அழகு, என்ஜினுக்கு மோசம். அதன்மேல் மணிக்கு 30 மைல்தான் அனுமதி. 1985 முதல் ஒற்றைத் தண்டவாளம். டிரைவர் வேகத்தைக் கட்டுப்படுத்தித்தான் வருவார். பக்கவாட்டில் முழு ரயிலும் தெரிவதால் டீசலை மறைக்கவும் வழியில்லை. பாலம்தான் வேண்டும் என்றால் என்ஜினை விட்டுவிட்டு பாலத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடப் பருமனாக இருக்கும். ஒரு வளைவு சரிந்தால் அந்தப் பக்கத்து ஐந்தோடு நிற்கட்டும், மொத்தமும் சரியக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். மாலை வெயிலில் மேற்குப் பக்கம் நின்றால் அந்தத் தடித்த தூண்களின் நிழல் அழகாக விழும். ரயில் அங்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.

என்ஜின் வேண்டும் என்றால் பாலத்துக்குத் தெற்கே வாருங்கள். ஹார்ட்டன், செல்சைட் பக்கம் ஏற்றம் விடாமல் போகும், சாலைக்குப் பக்கத்திலேயே கல் சுவர் ஓரமாக நிற்க இடம் உண்டு. திரும்பி வரும் பயணத்துக்கு ஆப்பிள்பிக்கும் ஏஸ் கில்லுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும். ஆப்பிள்பியில் தண்ணீர் பிடிக்க நின்றுவிட்டுக் கிளம்பும். அங்கிருந்து ஏஸ் கில்லில் இருக்கிற 1,169 அடி உயர உச்சிக்கு ஏற வேண்டும். பின்னால் வைல்ட் போர் ஃபெல் மலை சுவர் மாதிரி நிற்கும்.

டீசலை மறைப்பது கஷ்டமே இல்லை. 200 மில்லிமீட்டருக்கு மேல் லென்ஸ் வைத்து, ரயில் உங்களை நோக்கி நேராக வருகிற இடத்தில் நில்லுங்கள். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி, கடைசியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. வளைவில் நின்றால் வெளிப்பக்கம் நில்லுங்கள். உள்பக்கம் நின்றால் வால் முழுக்கக் காட்டிக் கொடுத்துவிடும். காற்றையும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அதனால் புகை கிழக்கே சாயும். மேற்குப் பக்கம் நின்றால் புகை உங்களுக்கும் ரயிலுக்கும் நடுவில் வராது.

கேமரா அமைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு என்ஜினையும் வெள்ளை ஆவியையும் ஒரே படத்தில் பிடிப்பதால் ஆவி வெளிறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து ரா ஃபைலில் எடுங்கள். நிழல்களைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். போன ஆவி போனதுதான்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள: ரியல்டைம் ட்ரெயின்ஸ் தளத்தில் 1இசட் என்று தொடங்கும் எண்கள் சிறப்பு ரயில்கள், 5இசட் என்றால் காலிப் பெட்டிகள் வருகின்றன. நேரம் அதில் கிடைக்கும். ஆனால் டீசல் பற்றி அதில் இருக்காது. காலையில் ரயில் புறப்பட்டதும் முதல் நிலையத்தில் பார்த்தவர்கள் எழுதிவிடுவார்கள், அதைத்தான் நம்ப வேண்டும். நான் கிளம்புவதற்கு முன் பார்ப்பது வானிலையை. குளிர் காலமா? போ. பத்து நாளாக மழை இல்லையா? வீட்டிலேயே இரு.


இராமநாதன், ஈரோடு

தம்பி பரணி, சேகர் சொன்னது சரி. நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆரம்பத்தில் மீட்டர்கேஜில் கரி போடுகிற ஃபயர்மேன், அப்புறம் டீசல், கடைசியில் மின்சார என்ஜின். கரண்டி பிடித்த பழக்கத்தில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் கன்னங்கரேல் என்று புகை வேண்டும். அந்தப் புகை வந்தால் எங்களை இன்ஸ்பெக்டர் திட்டுவார். கறுப்புப் புகை என்பது எரியாமல் போகும் கரி. நல்ல ஃபயர்மேன் கொஞ்சம் கொஞ்சமாக, எங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கே போடுவான். புகைபோக்கியில் லேசான சாம்பல் நிறம் மட்டும் வரும். சேஃப்டி வால்வ் பீறிட்டுக் கிளம்பினாலும் திட்டுதான், கரி கொட்டி உண்டாக்கிய ஆவியை வானத்துக்கு விடுகிறாயா என்று. ஆகவே நீ பார்த்த அந்தச் சன்னப் புகைக்கு டீசல் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதே. உள்ளே நல்ல கை ஒன்று இருந்திருக்கலாம்.

வெள்ளையாகத் திரண்டு நிற்பது புகை இல்லை, ஆவி. அது குளிர் காற்றில்தான் தெரியும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ஐம்பது வண்டி சரக்கை இழுத்துக்கொண்டு போனாலும் தலைக்கு மேலே ஒன்றும் தெரியாது. மார்கழி விடியலில் அதே என்ஜின் மேகத்தை இழுத்துக்கொண்டு போகும்.

பின்னால் என்ஜின் மாட்டுவது இருக்கிறதே, அது எங்களுக்குப் புதிது இல்லை. மலைப்பாதையில் பேங்கர், அதாவது பின்னால் நின்று தள்ளுகிற என்ஜின், இல்லாமல் சரக்கு ஏறாது. மகாராஷ்டிரத்துப் போர் காட், கோவா பக்கத்துப் பிரகன்சா காட் மலைப்பாதைகளில் எல்லாம் பேங்கர் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். முன்னால் இருப்பவன், பின்னால் இருப்பவன் இரண்டு பேரும் ஒரே மனசாக இருக்க வேண்டும். முன்னால் இருப்பவன் ரெகுலேட்டரை மூடும்போது பின்னால் இருப்பவன் தள்ளிக்கொண்டே இருந்தால் நடுவில் பெட்டிகள் நெருக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் விசிலில்தான் பேச்சு.

நீலகிரியை எடுத்துக்கொள். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி என்ஜின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டுக்கு ஒன்று என்கிற ஏற்றம், பல்சக்கரத் தண்டவாளம். அறுந்தால் பெட்டி உருண்டு ஓடிவிடக் கூடாது என்று என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம். குன்னூரில் இருந்து ஊட்டிக்கு டீசல். அங்கே யாரும் டீசலைப் பார்த்து முகம் சுளிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. சனங்கள் பாட்டு பாடிக்கொண்டு போவார்கள்.

படம் எடுக்க நான் ஆள் இல்லை. ஆனால் என்ஜின் உழைக்கிற இடம் தெரிய வேண்டும் என்றால், நிலையத்தில் இருந்து கிளம்புகிற முதல் கால் மைலில் நில்லு. நின்ற பாரத்தை அசைக்கிறதுதான் கஷ்டம். அங்கே யாராலும் ஏமாற்ற முடியாது.


சுமதி, மான்செஸ்டர்

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். படத்தைவிட வீடியோதான் எடுப்பேன். எனக்கு டீசல் ஒரு தலைவலிதான், அதை மறைக்கவே முடியாது. லென்ஸுக்கு மறையும், மைக்குக்கு மறையாது. என்ஜின் கடந்து போகும்போது அருமையான அடி கேட்கும், பத்துப் பெட்டி கழித்து டீசலின் இரைச்சல் வந்து அதன்மேல் உட்காரும். இதற்கு நான் கண்ட வழி, மைக்கைத் தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காமல், வளைவின் ஆரம்பத்தில் ரயில் வரும் திசையைப் பார்த்து வைப்பது. என்ஜின் தாண்டிப் போனதும் வெட்டிவிடுவேன். அதற்குப் பிறகு வருவதை யாரும் கேட்க வேண்டாம். மேலே உரோமம் மாதிரி ஒரு காற்று உறை அவசியம், அந்த மலையில் காற்று சும்மா விடாது.

எல்லோரும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் பின்னாலேயே ஓடுகிறார்கள். எனக்குப் பிடித்தது 35018, பிரிட்டிஷ் இந்தியா லைன். மெர்ச்சன்ட் நேவி வகுப்பு, எல்லா என்ஜினுக்கும் கப்பல் கம்பெனிகளின் பெயர். 1945இல் ஈஸ்ட்லியில் கட்டினார்கள், 1956இல் அந்த வகுப்பிலேயே முதலாவதாக மாற்றிக் கட்டினார்கள். பழைய இரும்பாகப் பல வருடம் வேல்ஸில் பாரி என்ற ஊரில் கிடந்துவிட்டு 2017இல்தான் மறுபடி ஓடியது.

பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் கம்பெனியின் ரஜூலா கப்பலில்தான் எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கினார். எங்கள் வீட்டில் ரஜூலா என்றால் ஒரு உறவுக்காரர் பெயர் மாதிரி சொல்வார்கள். கப்பலில் கொடுத்த சோறு, ஆட்டுக் கிடையோடு டெக்கில் படுத்தது, ஒரு தகரப் பெட்டி தொலைந்தது எல்லாம் கதை கதையாக உண்டு. பெயர்ப் பலகையில் அந்தக் கம்பெனியின் கொடியும் சேர்த்து வட்டமாக இருக்கும். என்ஜின் ஸ்டேஷனில் நின்றபோது அந்தப் பலகையை மட்டும் கிட்டே போய் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பின்னால் டீசல் இருந்ததா என்று அம்மா கேட்கவில்லை.


கோண்டாவிலான், பிராட்ஃபோர்ட்

சுமதி அக்கா பெயர் சொன்னதால ஞாபகம் வந்தது. பரணி பார்த்தது ஜூபிலி வகுப்பு என்ஜினாக இருந்தால், அந்த வகுப்பில 191 கட்டினவை, அதில அனேகமான பெயர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள், ஊர்கள், கடற்படைக் கப்பல்கள். 45575க்கு மெட்ராஸ் எண்டு பெயர், 45604க்கு சிலோன். ரெண்டும் உடைபட்டுப் போச்சுது. மிஞ்சினது நாலே நாலு: கோலாப்பூர், பஹாமாஸ், லியாண்டர், கலட்டியா. எங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை.

டீசலை அழிக்கிற கதைக்கு வாறன். அழிக்காதேங்கோ. உங்கட சுவரில மாட்டப் போறதெண்டால் அது உங்கட பாடு. ஆனால் இணையத்தில திகதி போட்டு, என்ஜின் எண் போட்டுப் பதியிறதெண்டால், இருவது வருசம் கழிச்சு ஒருத்தன் அதைப் பார்த்து, அண்டைக்கு நீராவி தனிய இழுத்தது எண்டு எழுதுவான். என்னிட்ட கிடக்கிற பழைய படங்களில எது எந்த வருசம் எண்டு பின்னால நிக்கிற டீசலின்ர நிறத்தை வைச்சுத்தான் கண்டுபிடிக்கிறனான்.


சேகர், லான்காஸ்டர்

கோண்டாவிலான் சொன்னதை ஏற்கிறேன், பாதி மட்டும். தலைப்பில் "பின்னால் டீசல் இருந்தது, படத்தில் நீக்கியிருக்கிறேன்" என்று எழுதிவிட்டால் தப்பில்லை. ஆனால் அழிக்கிற நேரத்தில் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் அழிக்கவே வேண்டியிருக்காது.

இராமநாதன் ஐயா சொன்ன கறுப்புப் புகை பற்றி ஒரு வார்த்தை. இங்கே சில ஓட்டங்களில் கேமராக் கூட்டத்தைப் பார்த்தால் ஃபயர்மேன் வேண்டுமென்றே இரண்டு கரண்டி அதிகம் போடுவதுண்டு. மரியாதைக்காக. அதைக் கலையாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.


பரணி, லீட்ஸ்

எல்லோருக்கும் நன்றி. டீசல் தள்ளாவிட்டால் அது பாரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஐயா, உங்கள் ஃபயர்மேன் நாட்களைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் கம்ப்ரியன் மவுன்டன் எக்ஸ்பிரஸ் ஓடும்போது போகலாம் என்று இருக்கிறேன். போகும்போது ஷாப் ஏற்றம், திரும்பும்போது செட்டில்–கார்லைல் என்று சொல்கிறார்கள். கார் வைத்திருக்கிற நண்பர் வருகிறார். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க முடியுமா? வேலி, சுவர் தாண்டுவது பற்றியும் சொல்லுங்கள். போன முறை சிலர் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்கள்.


சேகர், லான்காஸ்டர்

பிடிக்கலாம். ஷாப்பில் டெபேயிலிருந்து உச்சி வரை நாலு மைலுக்கு எழுபத்தைந்துக்கு ஒன்று என்று ஏறும். செட்டில் பாதையைவிடக் கடுமை. ஆனால் 1974 முதல் மின்கம்பிகள் மேலே போகின்றன, கம்பங்களை ஒதுக்கிப் படம் எடுப்பது லேசில்லை. அங்கே காதுக்குத்தான் விருந்து. சாலைப் பாலத்தில் நின்று கேளுங்கள். ரயில் கார்லைலில் போய் நிற்கும், பயணிகள் சாப்பிடுவார்கள், உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அதற்குள் கிர்க்பி ஸ்டீபன் வழியாக ஏஸ் கில்லுக்குப் போய்விடலாம். பிப்ரவரியில் வெளிச்சம் சீக்கிரம் மங்கும், தாமதமானால் படம் கோவிந்தா. மாதக் கடைசியில் ஓடும் நாளாகப் பாருங்கள், நாள் கொஞ்சம் நீளும்.

சுவர் தாண்டவே வேண்டாம். இங்கே ரயில் பாதைக்குள் கால் வைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். அது போகட்டும், 2016 பிப்ரவரி 25 அன்று ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் பழுது பார்த்து முடித்து லண்டனிலிருந்து யார்க் வரை ஓடியபோது, படம் எடுக்க ஆட்கள் பாதைக்குள் இறங்கியதால் ரயிலையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நீராவி ரயில் மட்டும்தான் வரும் என்று நினைத்து நிற்பார்கள், எதிர்த் தடத்தில் சாதாரண ரயில் சத்தமில்லாமல் வரும். பொது நடைபாதை, சாலைப் பாலம், நிலையப் பிளாட்பாரம் இந்த மூன்றில் நின்றாலே எல்லாக் கோணமும் கிடைக்கும். வயல் வழியாகப் போனால் கதவைத் திறந்தபடி விடாதீர்கள், ஆடு சினையாக இருக்கும் மாதம் அது. காரைப் புல் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினால் சேற்றில் மாட்டும், டிராக்டர் வைத்திருப்பவர் அன்று நல்ல மனநிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏஸ் கில்லில் காற்று தாங்க முடியாது, கூட்டமும் சேரும். முடியவில்லை என்றால் ஆப்பிள்பி பிளாட்பாரத்துக்கே போய்விடுங்கள். தண்ணீர் பிடிக்கிற நேரம் முழுக்க என்ஜின் நிற்கும், பெயர்ப் பலகை, சக்கரம், ஃபயர்மேன் முகம் எல்லாம் கிட்டே கிடைக்கும். டீசல் பிளாட்பாரத்தின் மறு முனையில் இருக்கும், அதன் டிரைவருக்கும் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். அவரைக் கேட்டால் அன்று தள்ளினாரா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடுவார்.